மோட்டார் என்ஜின் வேலைக்கு எவ்வளவு கூலி நியாயம்? பினாங்கு ஓட்டுநர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"என்ஜின் பிரிக்கணும், 750 வெள்ளி ஆகும்" என்று பட்டறையில் சொன்னதும் நம்மில் பலர் கூட்டாளிக்குப் போன் போட்டு, "750 கேக்குறாங்க, கூடவா?" என்று கேட்போம். அவருடைய மச்சான் நிபோங் திபாலில் 380 வெள்ளிக்கு முடித்த கதையை அவர் சொல்வார். மச்சானுடையது பழைய ஹோண்டா இஎக்ஸ்5, ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மட்டும் மாற்றியிருப்பார். உங்களுடையது தண்ணீர் குளிர்விக்கும் யமஹா ஒய்15, ஹெட்டோடு (என்ஜினின் மேல்தலை) ப்ளாக்கும் (பிஸ்டன் ஓடும் உருளை) இறங்கப் போகிறது. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

மொத்தத் தொகையை விட்டுவிட்டு வேலைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று பாருங்கள். நேரம் தெரிந்துவிட்டால் கூலி நியாயமா இல்லையா என்பது பெருக்கல் கணக்குதான். காலையில் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு மோட்டார் நாலு நாள் நின்றால் கிராப் செலவும் சேரும். அதனால் நேரக் கணக்கு உங்கள் பக்கமும் உண்டு.

படி 1: நோயை முதலில் அறியுங்கள்

கூலியில் ஏமாறுவதைவிடத் தேவையில்லாத வேலைக்குக் கூலி கொடுப்பதுதான் பெரிய நட்டம். பட்டறைக்குப் போகும் முன் இரண்டு மூன்று நாள் மோட்டாரைக் கவனியுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் வால்வு சீல் (வால்வு வழியே எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர்). அதற்காகப் பிஸ்டன் மாற்ற வேண்டியதில்லை. திராட்டல் முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரிங் அல்லது பிஸ்டனைச் சந்தேகப்படலாம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பக்கம்தான் பார்க்க வேண்டும், அதற்கு என்ஜினைத் திறக்கச் சொன்னால் வேறு கடை பாருங்கள். குளிர்ந்த காலையில் சற்று நேரம் வரும் வெள்ளை ஆவி நோயே இல்லை.

சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. ஹெட் பக்கம் 'டிக் டிக்' என்றால் முதலில் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இஎக்ஸ்5 போன்ற ஹோண்டா கப்சாய்களில் அது 0.05 மில்லிமீட்டர். குளிர்ந்த என்ஜினில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது. கரகரவென்று சங்கிலி உரசுவது போலக் கேட்டால் டைமிங் செயின் (வால்வுகளை இயக்கும் உள்சங்கிலி) அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். ஏற்றத்தில் கியர் மாற்றாமல் இழுக்கும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று வந்தால் கொன்ரோட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) பக்கம் கோளாறு இருக்கலாம். அது பெரிய செலவு, அதோடு தொடர்ந்து ஓட்டவும் கூடாது.

எண்ணெய் தே தாரேக் நிறத்தில் மாறியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டிய பிறகு இப்படி ஆனால் எண்ணெயை இரண்டு முறை மாற்றிக் கழுவிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். தண்ணீர் குளிர்விக்கும் என்ஜினில் வெள்ளம் எதுவும் இல்லாமலே எண்ணெய் இப்படி ஆகி, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவார்கள். வாட்டர் பம்ப் சீலைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பம்ப் சீல் ஒன்றரை மணி நேர வேலை. கேஸ்கெட் (ஹெட்டுக்கும் ப்ளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு) என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும், கூலி மூன்று மடங்காகும்.

இவ்வளவு பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீட்டரைப் பூட்டி, திராட்டலை முழுதாகத் திறந்து உதைத்துப் பார்ப்பார்கள். அழுத்தம் குறைவாகக் காட்டினால், அதே ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் உதைக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் குற்றவாளி ரிங். ஏறாவிட்டால் வால்வு. மொத்தம் இருபது நிமிடம். இதற்குத் தனியாகக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். நோய் கண்டுபிடிப்பதும் உழைப்புதான். அதற்குக் காசு கொடுக்காத வாடிக்கையாளருக்குத்தான் "எதற்கும் பிரிச்சே பார்த்துடலாம்" என்ற வைத்தியம் கிடைக்கிறது.

படி 2: ஒரே தொகையை நாலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்

சாமான், பட்டறைக் கூலி, வெளிக்கூலி, எண்ணெய் முதலான சில்லறைகள் என்று எந்த என்ஜின் பில்லிலும் நாலு பங்கு இருக்கும். வெளிக்கூலி என்பது போர் செய்யும் (ப்ளாக்கின் உள்துளையைக் கடையும்) லேத் கடைக்குப் போகும் பணம். ப்ளாக்கைப் பெரிதாக்குவது, கிராங்கை அழுத்திக் கழற்றிக் கொன்ரோட் மாற்றி நேராக்குவது, முறிந்த போல்ட்டை எடுப்பது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

இதைக் கேட்கும் விதம் முக்கியம். சண்டைக்கு வந்தவர் போல ஆரம்பித்தால் தவுக்கேயும் சண்டைக்கு நிற்பார். "அண்ணே, சாமான் எவ்வளவு, உங்க கூலி எவ்வளவு, போர் கடைக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் கொடுங்கண்ணே, வீட்டுல கணக்குச் சொல்லணும்" என்று கேட்டால் போதும். நேர்மையான போர்மன் (மெக்கானிக்) ஒரு அட்டைத்துண்டின் பின்புறத்திலாவது எழுதித் தருவார். "எல்லாம் சேர்த்துத்தான் தம்பி, பிரிக்க முடியாது" என்று சொல்பவரிடம் மோட்டாரை விடுவதற்கு முன் யோசியுங்கள்.

சாமான் பகுதியில் ஒரிஜினலா கொப்பியா என்பதும் எழுதப்பட வேண்டும். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். கொப்பி ரிங் போட்டு ஆறு மாதத்தில் மறுபடி திறந்தால் கூலி இரண்டு முறை போகிறது. அதனால் உள்ளே போகும் சாமானில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கவர், பேட்ஜ் மாதிரி வெளியே இருப்பவற்றில் கொப்பி போட்டுக்கொள்ளலாம்.

எட்டு விழுக்காடு சேவை வரி என்று ஒரு வரி பில்லில் இருந்தால், கடைக்குச் சேவை வரிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்த கடை மட்டுமே அந்த வரியை வசூலிக்கலாம். சந்து மூலையில் இருக்கும் சின்னப் பட்டறைக்குப் பெரும்பாலும் அந்தப் பதிவு தேவைப்படாது.

படி 3: வேலைக்கு எத்தனை மணி நேரம்?

நிறுவனச் சேவை மையங்களில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று தயாரிப்பாளர் வகுத்த அட்டவணை இருக்கும். போர்மன் வேகமாக முடித்தாலும் மெதுவாகச் செய்தாலும் பில்லில் அட்டவணை நேரம்தான் வரும். தெருப் பட்டறையில் அட்டவணை கிடையாது, அனுபவக் கணக்கு. கீழே உள்ளவை கை பழகிய ஒருவர் சரியான கருவிகளோடு செய்தால் ஆகக்கூடிய ஏறக்குறைய நேரங்கள். துருப்பிடித்த போல்ட் ஒன்று முறிந்தாலே ஒரு மணி நேரம் கூடிவிடும் என்பதை மனத்தில் வையுங்கள்.

கிளட்ச் பிளேட் மாற்றுவது கப்சாயில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். டைமிங் செயினுக்கு மேக்னெட்டை (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) கழற்ற வேண்டும், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக் குளிர்விப்புக் கப்சாயில் டாப் ஓவர்ஹால், அதாவது ஹெட்டும் ப்ளாக்கும் இறக்கி, கார்பன் சுரண்டி, பிஸ்டன், ரிங், வால்வு சீல், கேஸ்கெட் மாற்றிப் பூட்டுவது, மூன்று முதல் நாலு மணி நேரம். இஎக்ஸ்5 போன்றவற்றில் என்ஜினை ஃப்ரேமிலிருந்து இறக்காமலே இதைச் செய்யலாம். இறக்கியதற்கென்று தனிக்கூலி போட்டிருந்தால் எதற்கு இறக்கினீர்கள் என்று கேட்கலாம். ஒய்15, ஆர்எஸ்150 மாதிரி தண்ணீர் குளிர்விப்பு, நாலு வால்வு என்ஜின்களில் கவர், ரேடியேட்டர், திராட்டல் பாடி என்று வழியில் பல இருப்பதால் ஐந்து, ஆறு மணி நேரம் ஆகலாம்.

கிராங்க், கொன்ரோட், கியர்பாக்ஸ் வரை போகும் ஃபுல் ஓவர்ஹால் வேறு உலகம். என்ஜின் இறங்க வேண்டும், கேஸ் (என்ஜினின் வெளிக்கூடு) இரண்டாகப் பிளக்க வேண்டும், பழைய கேஸ்கெட் ஒட்டலைக் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும், பியரிங்கைச் சூடாக்கி இறக்கி ஏற்ற வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேர உழைப்பு. இதை யாராவது பாதி நாளில் முடித்துக் கொடுத்தால் எனக்குப் பயம்தான் வரும்.

மோட்டார் கடையில் கிடந்த நாள் வேறு, கை பட்ட நேரம் வேறு. "அஞ்சு நாளா உங்க வண்டியைத்தான் பார்த்தோம்" என்று சொல்லிக் கூலி ஏற்றுவது பழைய பேச்சு. ப்ளாக் போர் கடையில் வரிசையில் நின்றிருக்கும், சாமான் வராமல் இருந்திருக்கும். அதெல்லாம் உங்கள் கணக்கில் வராது. அதே நேரத்தில், "காலையில விட்டேன், மத்தியானம் கொடுத்துட்டான், அதுக்கு 160ஆ?" என்று ஓட்டுநர் குறைப்படுவதிலும் நியாயம் இல்லை. நாலு மணி நேரம் ஒருவர் குனிந்து நின்று செய்திருக்கிறார்.

படி 4: ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

நம் ஊர்ப் பட்டறைகள் மணிக் கணக்கில் சொல்வதில்லை, வேலைக்கு இவ்வளவு என்றே சொல்வார்கள். நீங்கள்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். டாப் ஓவர்ஹாலுக்குக் கூலி 160 வெள்ளி, வேலை நாலு மணி நேரம் என்றால் மணிக்கு 40.

இது கூடுதலா? அடிமட்டத்திலிருந்து கணக்குப் போடலாம். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் 45 மணி நேர வேலைக்கு அதை வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 70 காசு. முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) எல்லாம் சேர்த்தால் 10 வெள்ளி பக்கம் வரும். இது ஒன்றும் தெரியாமல் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு. கேஸ் பிளக்கத் தெரிந்தவர் அந்தச் சம்பளத்துக்கு நிற்க மாட்டார், இரண்டு மடங்காவது கேட்பார். கடை வாடகை, கம்ப்ரெசர், கருவி, மின்சாரம் எல்லாம் அதற்கு மேல். ஒன்பது மணி நேரம் கடை திறந்திருந்தாலும் பில் போடக்கூடிய உழைப்பு ஐந்தாறு மணி நேரம்தான் கிடைக்கும். மீதி நேரம் டயர் காற்று, வாட்ஸ்அப் விசாரிப்பு, சாமான் தேடல் என்று ஓடிவிடும்.

இதையெல்லாம் கூட்டினால் தெருப் பட்டறையில் மணிக்கு 30 முதல் 50 வெள்ளி வரை கேட்பதை நான் நியாயம் என்பேன். நிறுவனச் சேவை மையத்தில் அதற்கு மேல் போகும். மணிக்கு 15 வெள்ளிக்கு என்ஜின் பிரிப்பதாக ஒரு கடை சொன்னால், மீதியைச் சாமான் விலையில் எடுக்கப் போகிறார்கள் என்று பொருள். அப்போது கூலியை விட்டுவிட்டுச் சாமான் பகுதியைக் கூர்ந்து பாருங்கள். ஜெலுத்தோங்கிலோ பிறையிலோ இரண்டு ஸ்பேர் பாட்ஸ் கடையில் அதே சாமானின் விலையை விசாரித்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

படி 5: ஒரே கழற்றலுக்கு இரண்டு முறை கூலி கொடுக்காதீர்கள்

பில்லில் பணம் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். கெட்ட எண்ணம் கூடத் தேவையில்லை. ஒவ்வொரு வேலைக்கும் கடைக்காரர் மனத்தில் ஒரு விலை இருக்கும், அவற்றைக் கூட்டிச் சொல்லிவிடுவார், அவ்வளவுதான்.

மணிக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்கு. டாப் ஓவர்ஹால் தனியாகச் செய்தால் நாலு மணி நேரம், 160 வெள்ளி. டைமிங் செயின் தனியாக மாற்றினால் இரண்டு மணி நேரம், 80. வால்வு தேய்த்துச் சரிசெய்வது தனி வேலையாக வந்தால், ஹெட் கழற்றிப் பூட்டுவதையும் சேர்த்து மூன்று மணி நேரம், 120. மூன்றையும் கூட்டி 360 வெள்ளிக் கூலி என்று பில் வருகிறது. ஆனால் டாப் ஓவர்ஹாலுக்காக ஹெட் ஏற்கெனவே மேசைமேல் இருக்கிறது. செயினும் மேல் பல்சக்கரத்திலிருந்து கழன்றுதான் கிடக்கிறது. மேக்னெட் கவரைத் திறந்து புதுச் செயின் போட இன்னும் முக்கால் மணி நேரம், வால்வு தேய்க்க இன்னொரு முக்கால் மணி நேரம் போதும். ஆக ஐந்தரை மணி நேரம், 220 வெள்ளி. வித்தியாசம் 140.

வேலை தொடங்கும் முன்பே, "எப்படியும் திறக்கத்தானே போறீங்க, செயினுக்கு மேல்கூலி மட்டும் எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள். 'மேல்கூலி மட்டும்', அதாவது கூடுதலாகப் பிடிக்கும் நேரத்துக்கு மட்டும் கூலி, என்று சொன்னாலே விவரம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள்.

இதே காரணத்துக்காகச் சில வேலைகளை நீங்களே முன்வந்து கேட்க வேண்டும். கேஸ் பிளந்த பிறகு பழைய கிராங்க் பியரிங்கையும் ஆயில் சீல்களையும் அப்படியே விட்டுப் பூட்டுவது கஞ்சத்தனம். சாமான் சில பத்து வெள்ளி. அடுத்த வருடம் அதற்காகவே மறுபடி பிளந்தால் பத்து மணி நேரக் கூலி.

படி 6: "பிரிச்ச பிறகுதான் தெரியும்"

இது பெரும்பாலும் உண்மையான பேச்சு. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் இரண்டு தொகைகளை முன்னதாகவே பேசி முடியுங்கள். திறந்து பார்த்துவிட்டு வேலை வேண்டாம் என்றால் பூட்டிக் கொடுக்க எவ்வளவு என்பது ஒன்று. எந்தத் தொகைக்கு மேல் போனால் உங்களைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சு வாரக் கடைசியில் மறந்துபோகும்.

பிஸ்டன் போச்சு, போர் செய்யணும் என்று அழைப்பு வந்தால் முடிந்தவரை நேரில் போய்ப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள் இருக்கின்றனவா? ப்ளாக்கின் உள்சுவரில் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரலால் தடவினால் படி போல ஒரு திட்டு தட்டுப்படுகிறதா? ரிங்கை மட்டும் கழற்றி ப்ளாக்குக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் சமமாகக் கீழே தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து அளக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மேனுவலில் உள்ள எல்லையைத் தாண்டினால் தேய்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளலாம். கண்ணால் பார்த்தே "போச்சு" என்பவர் சரியாகவும் இருக்கலாம், ஆனால் அளவு இருந்தால் பேச்சு குறையும்.

பழைய 97 சிசி இஎக்ஸ்5இன் ப்ளாக் குறுக்களவு 50 மில்லிமீட்டர். போர் செய்யும்போது 0.25, 0.50 என்று ஒவ்வொரு படியாக ஏறி 1.00 மில்லிமீட்டர் வரை போகும். கீறல் போக 0.25 போதும் என்றால் நேரே 1.00க்குத் தாவுவது அடுத்தடுத்த வாய்ப்புகளை ஒரே நாளில் செலவழிப்பதாகும். சில யமஹா என்ஜின்களில் டயாசில் என்ற வகை அலுமினிய ப்ளாக் வரும். அதைச் சாதாரணமாகப் போர் செய்ய முடியாது. புது ப்ளாக் அல்லது உள்ளே புதுச் சிலீவ் (உள்குழாய்), இரண்டுமே செலவு கூடுதல், அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

"அதே காசுக்கு 62 ப்ளாக் போட்டுக்கலாம் தம்பி, பறக்கும்" என்று ஒய்15 காரர்களிடம் 62 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய ப்ளாக்கைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். சிசி பதிவுக்கு மாறாகிவிடும், சாலைத் தடுப்பில் மாட்டினால் சம்மன், விபத்து நடந்தால் காப்புறுதியில் இழுபறி. பழுது பார்க்கப் போனவர் பழுதை மட்டும் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்ஜின் மாற்றும் யோசனைக்கும் இதே பதில்தான், என்ஜின் எண் மாறினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிய வேண்டும்.

கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், முடிந்த பிறகு கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும்.

படி 7: எங்கே பேரம் பேசலாம், எங்கே கூடாது

மேல்கூலியில் பேசலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வேலை கொடுக்கும்போது பேசலாம். மோட்டார் அவசரமில்லை, கடை ஓய்வாக இருக்கும்போது செய்யுங்கள் என்று சொல்லிப் பேசலாம். கேஸ் பிளக்கும் வேலையில் கூலியை நசுக்காதீர்கள். குறைத்த 50 வெள்ளியை அவர் நேரத்தில்தான் குறைப்பார். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) எடுக்காமல் கைக்கணக்கில் ஹெட் போல்ட் இறுக்குவது அப்படித்தான் நடக்கிறது.

சாமானை ஷாப்பியில் நீங்களே வாங்கிக் கொண்டுபோனால் கடைக்குச் சாமான் லாபம் இல்லை. அதனால் கூலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். அது சரிதான். அந்தச் சாமான் கெட்டால் மறுகூலியும் உங்களுடையது.

படி 8: பணம் கொடுக்கும் நாள்

என்ஜின் சூடாகும் வரை ஓட்டிப் பாருங்கள், பிறகு நிறுத்தி அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் தேதி, ஓடோமீட்டர் எண், சாமான், கூலி, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பது எல்லாம் இருக்க வேண்டும், கடை சாப்பும் வேண்டும். புது ரிங் போட்ட என்ஜினில் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி பார்ப்பது வழக்கம். அதற்குக் கூலி உண்டா, முதல் பில்லிலேயே அடக்கமா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

பில் நியாயமில்லை என்று தோன்றினாலும் மோட்டாரைப் பலவந்தமாக எடுத்து வராதீர்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒரு பொருளின்மீது உழைத்தவர் கூலி வாங்கும் வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். 'மறுப்புடன் செலுத்துகிறேன்' என்று ரசீதில் எழுதிப் பணத்தைக் கட்டி, மோட்டாரை எடுத்த பிறகு போராடுவதுதான் புத்திசாலித்தனம்.

போராட இடம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவை தகுந்த திறமையோடும் கவனத்தோடும் செய்யப்பட வேண்டும். விலை முன்கூட்டிப் பேசப்படாத இடத்தில் நியாயமான விலைக்கு மேல் கொடுக்கப் பயனீட்டாளர் கடமைப்பட்டவர் அல்லர். இதனால்தான் மணி நேரக் கணக்கு வெறும் பேரத்துக்கு மட்டுமல்லாமல் வழக்குக்கும் உதவுகிறது. 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம். அதற்கும் மேல், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. கோரிக்கை எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். படிவம் 1ஐ நிரப்பி, பிரித்து எழுதிய மதிப்பீடு, வாட்ஸ்அப் செய்திகள், ரசீது, பழைய சாமான் பை, இன்னொரு பட்டறை அதே வேலைக்கு எழுதிக் கொடுத்த நேரமும் கூலியும் ஆகியவற்றோடு போங்கள். இந்த ஐந்தில் மற்றொரு பட்டறையின் எழுத்தைப் பெறுவதுதான் கடினம். சக கடைக்காரருக்கு எதிராக எழுத யாரும் தயங்குவார்கள். நடந்ததைச் சொல்லாமல், புது வாடிக்கையாளராகப் போய் அதே மாடலுக்கு அதே வேலைக்கு மதிப்பீடு கேட்டு வாங்குங்கள்.